ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைக்காத நாட்களில் நோயாளியை வீட்டில் வைத்துப் பார்ப்பது எப்படி?

2021 மே மாதம். தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,000 பேருக்கு மேல் கொரோனா உறுதியான சமயம் அது. சென்னையில் ஒற்றை அறையும், பாதிச் சுவருக்குப் பின்னால் சமையல் மேடையும் இருக்கிற வீட்டில் என் சித்தியை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். சித்திக்கு 58 வயது, பத்து வருடமாகச் சர்க்கரை. கையில் இருந்தது ஒரு தெர்மாமீட்டர், இரண்டு அட்டை பாராசிட்டமால், பக்கத்து வீட்டுக்காரர்களோடு சேர்ந்து காசு போட்டு வாங்கிய ஒரு பல்ஸ் ஆக்சிமீட்டர் (விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு பார்க்கிற கிளிப்), அப்புறம் சித்தியின் பேத்தி பாதியில் விட்ட ஒரு கணக்கு நோட்டு. இந்த நான்கில் எது ரொம்ப உதவியது என்று கேட்டால் யோசிக்காமல் நோட்டு என்பேன். அது ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பெருந்தொற்றுக் காலத்தில் வீட்டில் வைத்துக் கவனிப்பது என்றதும் பலருக்குக் கஷாயம், ஆவி, ரசம் என்றுதான் ஞாபகம் வருகிறது. அதெல்லாம் தொண்டைக்கு இதம், குடிக்கட்டும், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. (ஆவி பிடிக்கும்போது கொதிக்கிற பாத்திரத்தைக் குழந்தைகள் பக்கத்தில் வைக்காதீர்கள், சுட்டுக்கொண்டவர்கள் உண்டு.) ஆனால் வீட்டுப் பராமரிப்பு என்பது வேறு. ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸ் செய்கிற வேலையில் பெரும்பகுதி என்ன என்று பாருங்கள்: சுரம் பார்க்கிறார், நாடி பார்க்கிறார், மூச்சு எண்ணுகிறார், எவ்வளவு தண்ணீர் உள்ளே போனது, எவ்வளவு சிறுநீர் வெளியே வந்தது என்று பார்க்கிறார், எல்லாவற்றையும் நேரம் போட்டு எழுதுகிறார், ஏதாவது மாறினால் டாக்டரைக் கூப்பிடுகிறார். இதில் பெரும்பகுதியை ஒரு கடிகாரமும் பேனாவும் இருந்தால் வீட்டில் யாரும் செய்யலாம். கொரோனா வந்தவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு லேசாகவே வந்து போனது, அவர்களுக்குப் படுக்கை தேவைப்படவில்லை. மீதி இரண்டு பேர் யார் என்பது முதல் நாளில் யாருக்கும் தெரியாது. அந்த இரண்டு பேரை நேரத்தோடு கண்டுபிடிப்பதுதான் வீட்டில் இருப்பவர் செய்ய வேண்டிய வேலை. மருந்து கொடுப்பது அதில் சின்னப் பகுதி.

இந்த முறை கொரோனாவோடு வந்தது இல்லை. 1971இல் வங்கதேசப் போர் நடந்தபோது அகதிகள் லட்சக்கணக்கில் மேற்கு வங்கத்துக்கு வந்தார்கள், அப்போது உலகம் முழுக்கப் பரவிக்கொண்டிருந்த காலராவின் ஏழாவது பெருந்தொற்று அவர்களுக்குள்ளும் புகுந்தது. எல்லையோரம் பங்கானில் டாக்டர் திலீப் மஹாலனபிஸ் பார்த்துக்கொண்ட சின்ன ஆஸ்பத்திரியில் நோயாளிகள் தரையில் கிடந்தார்கள், நரம்பு வழியே ஏற்றுகிற சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. அவர் உப்பும் குளுக்கோஸும் சரியான அளவில் கலந்து, பெரிய டிரம்களில் தண்ணீரில் கரைத்து, கூட வந்த அம்மா, அண்ணன், மனைவி கையில் டம்ளரைக் கொடுத்து, நோயாளிக்கு ஊட்டச் சொன்னார். 30 சதவீதம் வரை இருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. டாக்டர்களும் நர்சுகளும் பத்தாத இடத்தில் உறவினரையே நர்சாக்கினால் உயிர் பிழைக்கும் என்று அப்போதே தெரிந்துவிட்டது. இன்று மருந்துக் கடையில் வாங்குகிற ஓ.ஆர்.எஸ். பாக்கெட் அந்த வழியில் வந்ததுதான்.

ஆனால் எல்லாத் தொற்றையும் வீட்டில் வைத்துப் பார்க்க முடியாது. 2014இல் கினி, லைபீரியா, சியரா லியோன் நாடுகளில் எபோலா பரவியபோது, வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் வெறும் கையால் துடைத்து, இறந்தவரைக் குளிப்பாட்டிய குடும்பங்களில் அடுத்தடுத்து பலர் போனார்கள். அதனால் புதிதாக ஒரு நோய் வந்தால் முதலில் கேட்க வேண்டியது, இது எதன் வழியாகப் பரவுகிறது என்பதுதான். காற்றா, தண்ணீரா, உடம்பிலிருந்து வருகிற நீரா? பதிலைப் பொறுத்து வீட்டு ஏற்பாடே மாறிவிடும். இனிமேல் நான் சொல்வது கொரோனா மாதிரி மூச்சுக் காற்றில் பரவுகிற நோய்க்கு.

சரி, யாரை வீட்டில் வைத்துக்கொள்ளலாம்? மூச்சு வாங்காமல், நெஞ்சு வலி இல்லாமல், தெளிவாகப் பேசி, நடந்து, சாப்பிடுகிறவரை. வயதானவர், சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, இதயம், சிறுநீரகம், நுரையீரல் கோளாறு உள்ளவர் என்றால் டாக்டர் ஒருமுறை நேரில் பார்த்துச் சொன்ன பிறகுதான். கர்ப்பிணிகள், புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர்கள் விஷயத்திலும் நாமாக முடிவெடுக்கக் கூடாது. சித்தியை மாநகராட்சியின் பரிசோதனை மையத்தில் பார்த்து, ரத்தம் எடுத்து, எக்ஸ்ரே பார்த்து, வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். போகலாம் என்றால் இன்றைக்குப் போகலாம் என்றுதான் அர்த்தம், அந்த அனுமதி அடுத்த வாரத்துக்கும் சேர்த்து இல்லை. இது எங்களுக்கு அப்போது புரியவில்லை.

அதனால்தான் நாள் எண்ண வேண்டும். பரிசோதனை செய்த நாள் கணக்கில் வராது, முதன்முதலில் உடம்பு வலியோ தொண்டைக் கரகரப்போ வந்த நாள்தான் ஒன்றாம் நாள். நோட்டில் அதை மேலே பெரிதாக எழுதுங்கள். கொரோனாவில் மோசமாகப் போனவர்களில் நிறையப் பேருக்கு அது ஐந்தாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் நடுவில்தான் நடந்தது. சுரம் விட்டுவிட்டது, இனிக் கவலை இல்லை என்று வீட்டில் எல்லோரும் அசந்த நேரத்தில் மூச்சு குறையத் தொடங்கும். நோயாளிக்கே அது தெரியாமல் இருக்கலாம், போனில் பேசிக்கொண்டு, காபி கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார், ரத்தத்தில் ஆக்சிஜன் 85 சதவீதத்துக்கு வந்திருக்கும். இதைப் பிடிக்கத்தான் ஆக்சிமீட்டர்.

அந்தச் சின்னக் கிளிப் வேலை செய்கிற விதம் தெரிந்தால் அது எப்போது ஏமாற்றும் என்பதும் தெரிந்துவிடும். ஒரு பக்கம் இரண்டு விளக்குகள், ஒன்று சிவப்பு, இன்னொன்று கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. மறுபக்கம் விரலைத் தாண்டி எவ்வளவு வெளிச்சம் வருகிறது என்று அளக்கிற உணரி. ஆக்சிஜன் ஏறிய ரத்தம் அகச்சிவப்பை அதிகம் பிடித்து வைத்துக்கொள்ளும், ஆக்சிஜன் இல்லாத ரத்தம் சிவப்பை அதிகம் பிடித்துக்கொள்ளும். இரண்டையும் ஒப்பிட்டால் கணக்கு வந்துவிடும். ஆனால் விரலில் தோல், எலும்பு, தசை எல்லாமே வெளிச்சத்தை மறைக்குமே? 1970களின் தொடக்கத்தில் ஜப்பானியப் பொறியாளர் தாகுவோ அயோயாகி கண்டுபிடித்தது இந்த இடத்தைத்தான். நாடி துடிக்கும்போது ஏறி இறங்குவது தமனி ரத்தம் மட்டும். அந்த ஏற்ற இறக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைக் கழித்துவிட்டால் போதும். ஆகவே விரல் சில்லிட்டிருந்தால், கை ஆடினால், துடிப்பு சரியாகக் கிடைக்காமல் எண் தப்பாக வரும். நகப்பூச்சும் அடர்த்தியான மருதாணியும் வெளிச்சத்தை மறிக்கும்.

ஐந்து நிமிடம் சும்மா உட்கார வைத்து, உள்ளங்கையைத் தேய்த்துச் சூடாக்கி, ஆள்காட்டி விரலிலோ நடுவிரலிலோ மாட்டி, கையை நெஞ்சோடு வைத்து அசையாமல் இருக்கச் சொல்லுங்கள். முதலில் வருகிற எண்ணைப் பார்த்துப் பதற வேண்டாம், அரை நிமிடமாவது விட்டு, எண் ஒரே இடத்தில் நின்ற பிறகு எழுதுங்கள். தினமும் அதே விரல். 94க்குக் கீழே போனால் டாக்டரிடம் போக வேண்டும், 90க்குக் கீழே என்றால் அவசரம். இன்னொரு விஷயம், கறுத்த தோலில் இந்தக் கருவி உண்மையைவிடக் கொஞ்சம் கூட்டிக் காட்டலாம் என்று 2020இல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வு சொன்னது. நம்மில் பெரும்பாலோருக்கு இது பொருந்தக்கூடிய எச்சரிக்கை. அதனால் தனி எண்ணை நம்பாமல் போக்கைப் பாருங்கள். நேற்று 98, இன்று காலை 96, சாயங்காலம் 95 என்றால் 94க்கு மேலேதான் இருக்கிறது என்று சும்மா இருக்கக் கூடாது. நோட்டு இல்லாத வீட்டில் இந்தச் சரிவு யார் கண்ணிலும் படாது.

உட்கார்ந்திருக்கும்போது எண் நன்றாக இருந்தால் நடை சோதனையும் செய்யலாம். விரலில் கிளிப்போடு அறைக்குள்ளேயே ஆறு நிமிடம் நடக்க விடுங்கள். 94க்குக் கீழே இறங்கினாலோ, உட்கார்ந்திருந்ததைவிட 3க்கு மேல் குறைந்தாலோ, மூச்சு வாங்கினாலோ நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிட வேண்டியதுதான். ஏற்கெனவே 94க்குக் கீழே இருப்பவரையும், நிற்கவே தள்ளாடுகிறவரையும், ஆஸ்துமா கட்டுக்குள் இல்லாதவரையும் நடக்க வைக்காதீர்கள்.

ஆக்சிமீட்டரே இல்லையா? மூச்சை எண்ணுங்கள். இது எந்தக் காலத்திலும் காசு கேட்காத கருவி. எண்ணுகிறேன் என்று சொன்னால் அவர் மூச்சை மாற்றிவிடுவார், அதனால் நாடி பார்க்கிற மாதிரி கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை நெஞ்சிலோ வயிற்றிலோ வைத்து, ஒரு நிமிடம் முழுக்க எண்ண வேண்டும். 15 நொடி எண்ணி நான்கால் பெருக்குவதில் தப்பு வரும். பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை சாதாரணம், 24ஐத் தொட்டால் டாக்டர், 30 என்றால் ஆம்புலன்ஸ். பேசும்போது வாக்கியத்தின் நடுவில் மூச்சுக்காக நிறுத்துகிறாரா என்று கவனியுங்கள். ஆக்சிஜன் குறைந்தால் வருகிற நீலம் கறுப்பு உதட்டில் தெரியாது, நாக்கையும் கீழ் உதட்டின் உள்பக்கத்தையும் பார்க்க வேண்டும். திடீரென்று ஆள் குழம்பிப் பேசினாலோ, எழுப்பினால் எழாமல் தூங்கிக்கொண்டே இருந்தாலோ, நெஞ்சை அழுத்துகிறது என்றாலோ எந்த எண்ணுக்கும் காத்திருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

நினைவு தெளிவாக இருப்பவரை வண்டி வருகிற வரைக்கும் குப்புறப் படுக்க வைக்கலாம். கழுத்துக்குக் கீழே ஒரு தலையணை, நெஞ்சிலிருந்து தொடை வரை ஒன்று அல்லது இரண்டு, கணுக்காலுக்கு மேலே முன்னங்காலுக்கு இரண்டு. எங்கள் வீட்டில் இருந்தது மொத்தமே இரண்டு தலையணை, மீதிக்குப் பழைய புடவைகளை மடித்து, துண்டால் கட்டி மூட்டையாக்கினோம், நன்றாகவே தாங்கியது. மல்லாந்து படுக்கும்போது நசுங்கிக் கிடக்கிற முதுகுப் பக்க நுரையீரல் குப்புறப் படுத்தால் விரியும். அரை மணியிலிருந்து இரண்டு மணி வரை அப்படி, பிறகு வலது பக்கம், பிறகு சாய்ந்து உட்கார்ந்து, பிறகு இடது பக்கம். சாப்பிட்டு ஒரு மணி நேரத்துக்கு வேண்டாம், கர்ப்பிணிகளுக்கும் கடுமையான இதய நோய், முதுகெலும்புக் கோளாறு உள்ளவர்களுக்கும் வேண்டாம். குப்புறப் படுத்து எண் ஏறிவிட்டது என்று பயணத்தை ரத்து செய்யாதீர்கள்.

காற்று. ஒற்றை அறை வீட்டில் தனி அறை என்ற பேச்சே கிடையாது, அப்போது காற்றைத்தான் பிரிக்க வேண்டும். ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி அறை நடுவில் வைத்துப் பாருங்கள், புகை எந்தப் பக்கம் வெளியே போகிறதோ அந்த ஜன்னலோரம் நோயாளி, புகை வராத பக்கம் மற்றவர்கள். எங்கள் வீட்டில் புகை அறைக்குள்ளேயே சுற்றியது. டேபிள் ஃபேனை ஜன்னலைப் பார்த்து வெளியே ஊதுகிற மாதிரித் திருப்பி வைத்த பிறகுதான் நேராக வெளியே போனது. அந்தக் கத்தரி வெயிலில் ஃபேனை யார் மேலும் படாமல் திருப்பி வைப்பது சுலபம் இல்லைதான், ஆனாலும் வைத்தோம். இரண்டு பேரும் முகக்கவசம், சித்திக்கு மூச்சு சங்கடம் இல்லாத வரை. கழிப்பறை ஒன்றுதான் என்றால் நோயாளி போய் வந்த பிறகு கதவையும் ஜன்னலையும் திறந்து போட்டுக் கொஞ்ச நேரம் விட வேண்டும். பத்துக்குப் பத்து அறையில் எட்டுப் பேர் என்றால் இதுவும் நடக்காது. மும்பை தாராவியில் 2020இல் வீட்டுத் தனிமை சாத்தியமில்லை என்று ஒப்புக்கொண்டு, பள்ளிக்கூடங்களையும் மண்டபங்களையும் திறந்து ஆட்களை அங்கே மாற்றினார்கள். அதுதான் நேர்மையான முடிவு. இடமே இல்லாத குடும்பத்தைப் பார்த்துத் தனியாக இருங்கள் என்று சொல்லிவிட்டுப் போவது கொடுமை.

சாப்பாடு, தண்ணீர், சுரம் மூன்றையும் சுருக்கமாகச் சொல்கிறேன். சிறுநீர் வெளிறிய மஞ்சளாக வருகிற அளவுக்குத் தண்ணீர், கஞ்சி, மோர், பருப்பு, முட்டை, எது இறங்குகிறதோ அது. வாந்தி பேதி இருந்தால் ஓ.ஆர்.எஸ்., முழுப் பாக்கெட்டையும் உறையில் போட்டிருக்கிற அளவு தண்ணீரில், பெரும்பாலும் ஒரு லிட்டர், மொத்தமாகக் கரைத்து 24 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். பாக்கெட் கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் தலைதட்டி ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும். உப்பு கூடினால் ஆபத்து, கண் திட்டம் கூடாது. பாராசிட்டமாலுக்கு நான்கிலிருந்து ஆறு மணி நேர இடைவெளி, எந்த மணிக்குக் கொடுத்தோம் என்று நோட்டில். ஒரு நாளில் 4 கிராமைத் தாண்டவே கூடாது, கல்லீரல் கெடும், கல்லீரல் கோளாறோ குடிப்பழக்கமோ உள்ளவருக்கு இன்னும் குறைவாக டாக்டர் சொல்கிற அளவுதான். சளி மாத்திரைகள் பலவற்றில் பாராசிட்டமால் ஏற்கெனவே கலந்திருக்கும், அட்டையைத் திருப்பிப் படியுங்கள். சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் போடுகிற தினசரி மாத்திரைகளை நாமாக நிறுத்தக் கூடாது.

வாட்ஸ்அப்பில் சுற்றிய மருந்துச் சீட்டைப் பற்றிக் கோபமாகவே சொல்கிறேன். டெக்ஸாமெத்தசோன் என்கிற ஸ்டீராய்டு உயிரைக் காப்பாற்றியது உண்மை. 2020 ஜூனில் பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வு அதைக் காட்டியது, வென்டிலேட்டரில் இருந்தவர்களின் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது, ஆக்சிஜன் மட்டும் வைத்தவர்களிடம் ஐந்தில் ஒரு பங்கு. அதே ஆய்வில் ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு ஒரு பலனும் இல்லை. அதையும் யாரோ சீட்டில் எழுத, இரண்டாம் நாளிலேயே வீட்டில் ஸ்டீராய்டு விழுங்கியவர்கள் எத்தனையோ பேர். சர்க்கரை உள்ளவருக்கு அது சர்க்கரையை எகிற வைக்கும், எதிர்ப்பு சக்தியை அமுக்கும். அந்த மே மாதத்தில் கருப்புப் பூஞ்சை அவ்வளவு பேரைப் பிடித்ததற்கு இதுவும் ஒரு காரணம். எங்களுக்கும் ஒரு மருந்துக் கடையில் சீட்டே கேட்காமல் நீட்டினார்கள். வாங்கவில்லை, 104 மருத்துவ உதவி எண்ணில் பேசிய டாக்டர் தெளிவாக வேண்டாம் என்றார்.

ஆக்சிஜன் சிலிண்டரை வீட்டில் வைக்க நினைப்பவர்கள் முதலில் கணக்குப் போடுங்கள். பெரிய டி டைப் சிலிண்டரில் சுமார் 7,000 லிட்டர், சின்ன பி டைப்பில் சுமார் 1,500. நிமிடத்துக்கு 5 லிட்டர் வேண்டும் என்றால் சின்னது ஐந்தே மணி நேரம், பெரியது ஒரு நாள்கூட முழுசாக வராது. அது போவதற்குள் அடுத்தது எங்கிருந்து வரும்? படுக்கை கிடைக்கும் வரை கை கொடுக்கும், அவ்வளவுதான், அளவையும் டாக்டர்தான் சொல்ல வேண்டும். அடுப்பும் நோயாளியும் ஒரே அறையில் இருந்தால் தீ விபத்துக்கு நாமே வழி செய்கிறோம், விளக்கு, ஊதுபத்தி, பீடி எதுவும் பக்கத்தில் ஆகாது. காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தருகிற கான்சன்ட்ரேட்டர் என்றால் கரண்ட் போனால் என்ன செய்வது என்பதற்கும் பதில் வைத்திருக்க வேண்டும்.

பார்த்துக்கொள்கிறவரைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. நம் வீடுகளில் அது பெரும்பாலும் ஒரு பெண், அவரே சமைத்து, துவைத்து, ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து எண் பார்த்து, தனக்குச் சுரம் அடிப்பதை இரண்டு நாள் சொல்லாமல் இருப்பார். நோட்டில் அவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். அவருடைய சுரம், அவருடைய எண், அவர் தூங்கிய நேரம். ராத்திரி முறை போட்டுக்கொள்ள ஆள் இல்லையென்றால் ராத்திரி பத்துக்கும் காலை ஐந்துக்கும் பார்த்தால் போதும், மோசமாகும் அறிகுறி இல்லாத நோயாளிக்கு நடுவில் தூங்க விடுவது தப்பில்லை.

முதல் பக்கத்திலேயே எங்கே போகப் போகிறோம் என்று எழுதி வையுங்கள். எந்த ஆஸ்பத்திரி, எந்த எண் வந்தால் கிளம்புவது, 108 தாமதமானால் யாருடைய ஆட்டோ, யார் கூடப் போவது, எந்தப் பையில் ஆதாரும் பழைய மருந்துச் சீட்டும் இருக்கிறது. நள்ளிரவில், எல்லோரும் பயந்திருக்கும்போது, இந்த முடிவை எடுக்க முடியாது.

சித்திக்கு ஒன்பதாம் நாள் காலை உட்கார்ந்திருக்கும்போது 95. நடக்கவிட்டேன், நான்காவது நிமிடத்தில் 91. எனக்கு ஒன்றுமில்லை, சாம்பார் அடுப்பில் இருக்கிறது என்றார். நோட்டைக் காட்டினேன்: 98, 98, 97, 97, 96, 95. எட்டாம் வகுப்புதான் படித்தவர், அந்த வரிசையை விரலால் தொட்டுக்கொண்டே போய், அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். அரசு ஆஸ்பத்திரி வாசலில் வண்டிகள் வரிசையாக நின்றன, மூன்று மணி நேரம் ஆனது. வெளியே வந்து பார்த்த இளம் டாக்டர் ஒருவர் எந்த நாள் சுரம் தொடங்கியது என்று கேட்டார். நோட்டைக் கொடுத்தேன். அவர் முகக்கவசத்துக்கு மேலே கண்ணை மட்டும் ஓட்டி, மூன்று பக்கம் புரட்டி, கடைசி வரியில் விரலை வைத்துக்கொண்டு உள்ளே ஆக்சிஜன் படுக்கைக்குக் குரல் கொடுத்தார். ஆறு நாள் கழித்து சித்தி வீட்டுக்கு வந்தபோது ஸ்டீராய்டு ஊசியால் சர்க்கரை 300க்கு மேல் இருந்தது, அதனால் நோட்டில் அடுத்த பக்கத்தில் புதிதாகக் கோடு போட்டு, காலை வெறும் வயிறு, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் என்று இரண்டு கட்டம் பிரித்தோம்.